நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குப் போக வாங்கின சின்னக் கத்தி: வீட்டில் சோதிக்கிறது எப்படி?

ஏழு சென்டிமீட்டர் 1095 (ஒரு வகை கார்பன் உருக்கு) கத்தி, வெள்ளவத்தை பிளட்டுக்குள்ள எப்படிச் சோதிக்கிறது, ஒரு கிழமையில துருப்புள்ளி வந்திட்டுதே என்று கேட்டிருந்தீங்கள்.

துரு கத்தியின்ர குறை இல்லை. 1095இல குரோமியம் சேர்க்கிறதில்லை, கடற்காத்துப் பட்டாலே புள்ளி விழும். நைசான சாண்ட் பேப்பரால தேய்ச்சு, தேங்காயெண்ணெய் மெல்லிசாப் பூசுங்கோ. தோல் உறைக்குள்ள மட்டும் வைச்சு விடாதீங்கோ, அது ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

சோதனைக்கு முதல் பிடி. கையில சவர்க்காரம் பூசிக்கொண்டு, உறையோடயே பிடிச்சு ஒரு பலகையில குத்துற மாதிரி அழுத்திப் பாருங்கோ. விரல் முன்னுக்கு வழுக்கினால் மழைக்காட்டில அந்தப் பிடி சரிவராது, கயிறு சுத்துங்கோ. பிறகு காய்ஞ்ச விறகுத்துண்டில மெல்லிய சுருளாச் சீவுங்கோ. சுருள் அறுந்து அறுந்து விழுந்தால் கூர் காணாது.

நெருப்புக்கம்பியை (பொறி பறக்கச் சுரண்டித் தீ மூட்டுற கம்பி) கத்தி முதுகால சுரண்டேக்க பொறி வராட்டி, முதுகில இருக்கிற பூச்சைச் சுரண்டி ஓரத்தைச் செங்கோணமா அராவுங்கோ.

தடியால தட்டி விறகு பிளக்கிற வீடியோக்களை நம்பாதீங்கோ. இந்த நீளத்துக்கு இரண்டு விரல் தடிப்புக்கு மேல பிளக்கேலாது. அதுக்குக் கத்தி வேற.