எட்டுப் பேர், மூன்று கேம் மாஸ்டர், ஒரே உலகம்

கேள்வி: மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் எட்டுப் பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம் (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு). ஒரே உலகத்தில் மூன்று பேர் மாறி மாறிக் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருக்கிறோம். வேலை, டியூஷன் என்று எட்டுப் பேரும் ஒன்றாக வருவதேயில்லை. சாகசங்கள் பாதியில் நிற்கின்றன. ஒருவர் சொன்ன கதையை மற்றவர் தெரியாமல் குழப்பிவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, எல்லாரும் வரும் நாளைத் தேடுவதை முதலில் விடுங்கள். வந்தவர்களோடு தொடங்கி, அன்றைக்கே முடிகிற சாகசமாக அமையுங்கள். எழும்பிப் போகும்போது எல்லாக் கேரக்டரும் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். போனமுறை குகைக்குள் நின்ற ஆள் இந்தமுறை வராவிட்டால் என்ன செய்வது என்ற தலையிடி அதோடு போய்விடும்.

பென் ராபின்ஸ் என்பவர் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்று இப்படியொரு ஆட்டத்தை நடத்தி, அதன் முறையை 2007இல் எழுதினார். கிழக்கே பாதுகாப்பான ஊர், மேற்கே ஆபத்தான காடு. நிரந்தரக் குழு கிடையாது. எங்கே போவது, எப்போது போவது என்பதை ஆட்டக்காரர்களே பேசி முடிவெடுப்பார்கள். நமக்கு அந்த வரைபடம் கையிலேயே இருக்கிறது: கிழக்கே எழுவான்கரை, நடுவில் வாவி, மேற்கே படுவான்கரை, அதற்கப்பால் காடு. ஆனால் படுவான்கரையில் சனம் வாழும் ஊர்களைப் பேயூராக ஆக்காதீர்கள். ஆபத்தைக் காட்டுக்குள் ஒரு கற்பனைக் கோட்டையில் வையுங்கள்.

நேரத்துக்கு முடிக்க, நம்மூரில் வாவியைக் கடக்க ஓடும் மிதவைப் படகான 'பாதை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போய்வருபவர்களுக்குக் கடைசிப் பாதையைத் தவறவிடும் பதற்றம் தெரியும். நாலு மணிநேர ஆட்டத்தில் மூன்றேகால் மணிநேரம் ஆனதும், "கடைசிப் பாதை வெளிக்கிடப் போகுது" என்று கேம் மாஸ்டர் அறிவிக்கட்டும். புதையலைப் பாதி தோண்டியிருப்பார்கள். விட்டுவிட்டு ஓடுவதா, இன்னுமொரு அறை பார்ப்பதா? ஆட்டத்தில் மிகச் சூடான நேரம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தவறவிட்டவர் இருபது பக்கப் பகடையை உருட்டட்டும். 11 அல்லது அதற்கு மேல் என்றால் சுகமாக வீடு சேர்வார். 6 முதல் 10 வரை என்றால் ஒரு பொருளை இழப்பார். அதற்கும் கீழே என்றால் காயம். அடுத்த ஆட்டத்துக்கு வேறு கேரக்டரோடு வரவேண்டும்.

மூன்று கேம் மாஸ்டரும் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு வாவியும் தீவுகளும், ஒருவருக்கு வடக்குக் காடு, ஒருவருக்குத் தெற்கே கல்லோயாப் பக்கம். தன் பகுதியில் அவரவர் விருப்பம். அடுத்தவர் பகுதி ஆட்களைத் தொடுமுன் கேட்க வேண்டும். சொந்த ஊர் பொது, அங்கே பெரிய மாற்றமென்றால் மூவரும் சம்மதிக்க வேண்டும். மந்திரப் பொருட்களுக்கும் ஒரு வரம்பு பேசிவையுங்கள். ஒருவர் அள்ளிக் கொடுத்தால் மற்ற இருவரின் சாகசங்களும் சப்பென்று போய்விடும்.

அப்புறம், குறிப்பு. ஆட்டம் முடிந்த இரவே ஆட்டக்காரர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போடட்டும்: "நாங்கள் மூன்று பேர் தீவுக்குப் போனோம். மரப்பாலம் இடிந்துவிட்டது. வாவியில் மீன் பாடுவது நின்றுவிட்டதாகத் தோணிக்காரர் சொன்னார். கிணற்றடியில் பூட்டிய கதவைத் திறக்க முடியவில்லை." பாலம் இடிந்தது மற்றக் கேம் மாஸ்டர்களுக்கும் தெரிந்துவிடும். கதவைப் பார்த்து யாராவது "நான் போறேன், ஆர் வாறீங்க?" என்று கேட்டால் அடுத்த சாகசம் தயார். மூன்று நாள் முன்னதாக அதைச் சொல்லிவிட்டால், கேம் மாஸ்டர் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் தயாரித்தால் போதும்.

நாள் வைக்கப் போயா (பௌர்ணமி) விடுமுறை வசதி. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் தொலைபேசியில் ஆடுங்கள்.

அடிக்கடி வராதவர் லெவலில் பின்தங்குவாரே என்று பயப்பட வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் 1 முதல் 4ஆம் லெவல் வரை தேர்ச்சிப் புள்ளி (தேர்ந்த விஷயங்களில் பகடை எண்ணோடு கூட்டுவது) +2தான், கலந்து ஆடலாம். 5ஆம் லெவலில் போர்வீரருக்கு இரண்டாவது அடியும், மந்திரவாதிக்கு நெருப்புப் பந்தும் வந்துவிடும். அதனால் குழுவில் பலர் 5ஐத் தொட்டதும், மற்றவர்களை 4இலாவது கொண்டுவந்து விடுங்கள்.