மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

வணக்கம் ஐயா,

என் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு வருடமாகிறது. டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோன் மூன்றும் சாப்பிடுகிறான். கை நடுங்குகிறது, முகம் உப்பிவிட்டது, புதிதாகச் சர்க்கரை வேறு. "நல்லாத்தானே இருக்கேன், பாதியாக் குறைச்சா என்ன?" என்கிறான். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறான். என்ன சொல்வது?

க., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள க.,

தம்பி நன்றாக இருப்பதே, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் அந்த மூன்று மாத்திரைகளால்தான். எத்தனை வருடமானாலும் அவர் உடம்புக்கு அந்தச் சிறுநீரகம் அந்நியம்தான். எதிர்ப்பு சக்தி அதைத் தாக்கத் தொடங்கினால் பெரும்பாலும் வலி இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும், அவ்வளவுதான். உடம்புக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அப்புறம் மறுபடி டயாலிசிஸ்தான்.

அதற்காக அவர் படும் அவதியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து அளவுக்கு மீறினாலும் உயிருக்கு ஆபத்து. நம் தென்னாப்பிரிக்காவிலேயே, 1967 டிசம்பரில், கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் இதயம் மாற்றிய லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள்தான் இருந்தார். எதிர்ப்பு சக்தியை அடக்கிவைத்த உடம்பில் நிமோனியா புகுந்துவிட்டது.

இன்று ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் டோஸை முடிவு செய்கிறார்கள். நடுக்கம் பெரும்பாலும் அந்த மருந்தால் வருவது. சர்க்கரைக்கு அதுவும் காரணமாகலாம், பிரெட்னிசோனும் காரணமாகலாம். முகம் உப்புவது பிரெட்னிசோனால். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ டாக்டரால் முடியும். ஆனால் தம்பி வாய் திறந்து சொன்னால்தானே? அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை டாக்ரோலிமஸைப் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்துவிடுவார்கள்.

காவடி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அலகு வேண்டாம். இந்த மருந்துகளோடு சர்க்கரையும் சேர்ந்தால் சின்னக் காயமும் சீழ் பிடிக்கும். அலகில்லாமல் காவடி எடுக்கட்டும், பால்குடம் சுமக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விரதத்திலும் மாத்திரை வேளை தவறக் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது. தைப்பூசம் நமக்கு நல்ல கோடையில் வருகிறது. இந்த மருந்துகளை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் உச்சிவெயிலில் நிற்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். இந்த நாட்டில் அது சாதாரணமாகப் பரவும் நோய். கிரேப்ஃபுரூட்டை (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) வீட்டில் வாங்கவே வேண்டாம், அது ரத்தத்தில் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். உறவினர் தரும் நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.