"கடன் பட்டார் நெஞ்சம் போல்" கம்பர் பாடினதா?

பட்டிமன்றத்துல பேசப்போற ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: "கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்னு கம்பர் பாடினார்னு எழுதி வெச்சிருக்கேன், நண்பர் அது கம்பர் பாட்டே இல்லேங்கிறார், எதை நம்புறது?"

நண்பர் சொல்றதுதான் சரி. கம்பராமாயணத்துல அந்த வரி கிடையாது. அது 18ஆம் நூற்றாண்டு அருணாசலக் கவிராயரோட இராம நாடகத்துல வர்றது, அங்கயும் "கடன் கொண்டார் நெஞ்சம் போலும்"னுதான் இருக்கு, அதனால "பட்டார்"னு போட்டுத் தேடினா மூலம் சிக்காது. வரியை தாராளமா சொல்லுங்க, கம்பர் பேரை மட்டும் எடுத்துடுங்க.

தயவுசெஞ்சு பொன்மொழித் தொகுப்பு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, காசு வாங்கிட்டு மேடைப்பேச்சு எழுதித் தர்றவங்க, இதையெல்லாம் நம்பி பேர் சொல்லாதீங்க. எந்த நூல், எத்தனையாவது பாட்டுன்னு கேளுங்க. "யாதும் ஊரே"ன்னா புறநானூறு 192ன்னு வரணும், வரலேன்னா அவங்க புத்தகத்தையே திறக்கல. ராமாயணம்னா கம்பர், வீரம்னா பாரதின்னு அடிச்சு விடுவாங்க. "மங்கையராய்ப் பிறப்பதற்கே" கவிமணி பாட்டு, "தமிழன் என்று சொல்லடா" நாமக்கல் கவிஞர் பாட்டு, ரெண்டையும் பாரதி கணக்குல எழுதிட்டாங்க.

பேர் சரியா இருந்தும் காலை வாரிவிடுற வரி ஒண்ணு இருக்கு, "மெல்லத் தமிழினிச் சாகும்". பாரதி எழுதினதுதான், ஆனா அவர் கருத்து இல்ல. பாட்டுல தமிழ்த்தாய் பேசுறா, எவனோ ஒருத்தன் அப்படிச் சொன்னான்னு சொல்லிட்டு அடுத்ததா "என்றந்தப் பேதை உரைத்தான்"னு அவனை முட்டாள்ங்கிறா, இந்தப் பழி எனக்கு வரலாமான்னு துடிக்கிறா, அப்புறம்தான் "சென்றிடுவீர் எட்டுத் திக்கும்"னு பிள்ளைங்களை அனுப்புறா. பேதை சொன்னதை வெட்டி எடுத்து, பாரதியே சொல்லிட்டார்னு மேடைக்கு மேடை முழங்குறாங்க, கேட்கவே வயிறு எரியுது. பள்ளிக்கூடத்துல மனப்பாடப் பகுதின்னு நாலு வரியை ஒப்பிக்கவிட்டு மார்க் போட்டா வேற என்ன ஆகும்? அந்த வரியை யார், யாருகிட்ட சொல்றாங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே.

மத்த வரிகளை, தமிழ் நூல்களை இணையத்துல ஏத்தி வெச்சிருக்கிற மதுரைத் திட்டத்துலயோ தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்துலயோ போய்ப் பாருங்க, ரெண்டுமே இலவசம். முழு வரி போட்டா பல சமயம் கிடைக்காது, சொற்கள் சந்தியில ஒட்டி உருமாறியிருக்கும், அதனால மாறாத ரெண்டு சொல்லை மட்டும் போட்டுத் தேடி, கிடைச்சதும் முன்னும் பின்னும் ஒரு பாட்டு படிச்சுட்டு அப்புறம் மேடை ஏறுங்க.