பாணி மருந்தும் பிள்ளையும்: மருந்தாளர் பதில்கள்

(பதில் சொல்பவர் ஊவாப் பக்கம் அரச ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

மஸ்கெலியா வாசகி: சேர், டவுன் பாமசியில் வாங்கிய இருமல் பாணி குடித்ததிலிருந்து நாலு வயது மகனுக்கு வாந்தி. சலம் போவதும் குறைவு. திகதி முடியாத மருந்துதான்.

தங்கச்சி, முதலில் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போத்தலும் கையோடு போகட்டும். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சலம் குறைந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். 2022இல் காம்பியாவில் சுமார் 70 பிள்ளைகள் இறந்தது பாணி மருந்தில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கோலால். மருந்தைக் கரைக்க கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கோல் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அவற்றின் இடத்தில் இந்த மலிவான தொழிற்சாலை இரசாயனம் வந்துவிட்டால் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, இனிப்பாகவே இருக்கும். லேபிளில் உள்ள திகதி இதைக் காட்டித் தராது.

போத்தலைக் கழுவாதீர்கள். "காசைத் தாறேன், போத்தலைத் தாங்க" என்று கடையில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தலவாக்கலை வாசகர்: மகள் போன மாதம் இப்படித்தான் வார்டில் கிடந்தாள். வழக்குப் போடலாமா? கையில் காசில்லை.

நான் வக்கீல் இல்லை, வழி சொல்கிறேன். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கு, போத்தலில் உள்ள தொகுதி (பெட்ச்) இலக்கத்தோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். ஆனால் மருந்து பழுது என்று காட்டினால் மட்டும் போதாது, செய்தவரோ விற்றவரோ அசட்டையாக இருந்தார் என்றும் காட்ட வேண்டும். அதற்குத்தான் போத்தல், சிட்டை, ஆஸ்பத்திரி கார்ட் எல்லாம். அரச ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தென்றால் அடிப்படை உரிமை மனுவும் போடலாம். அதற்கு ஒரே மாதம்தான், ஓடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசும்.

பதுளை வாசகர்: திருச்சியிலிருந்து மாமா கொண்டுவரும் பாணிதான் எங்கள் பிள்ளைக்குக் கேட்கும். இங்கத்தைய மருந்தை யார் நம்புவது?

சூட்கேஸில் வரும் மருந்து இங்கே பதிவாகாதது. ஏதும் நடந்தால் யாரைப் பிடிப்பீர்கள்? 2025இல் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகளைக் கொன்ற பாணி தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்ததுதான்.

பண்டாரவளை ஆசிரியை: பதிவு, பதிவு என்கிறீர்கள். போலிக் கடதாசியில் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்து உள்ளே வந்ததும் இந்த நாட்டுக்குத்தானே?

வந்தது, டீச்சர். சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் அந்த விசாரணையில் கைதானார். கைது செய்ய முடிந்ததே கடதாசி இருந்ததால்தான். மாமாவின் சூட்கேஸுக்கு என்ன கடதாசி?

பதுளை வாசகர்: மாமாவைத் திருடன் என்கிறீர்களா?

இல்லை, அண்ணன். மாமா நல்லவர். மாமாவும் அந்த மருந்தைக் கடையில்தான் வாங்கினார்.

பண்டாரவளை ஆசிரியை: அப்போ ஆஸ்பத்திரியில் வெளியே வாங்கச் சொல்லும்போது ஏழை எங்கே போவான்?

நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. வாங்கும்போது மருந்தாளர் இருக்கும் கடையில், சிட்டையோடு வாங்குங்கள்.

இராகலை வாசகி: போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றிவிட்டேன்.

முதல் பதிலைப் பாருங்கள். சிட்டையாவது இருக்கிறதா?

ஹப்புத்தளை வாசகர்: மிச்ச மருந்தை ஊற்றிவிடலாமா?

முதல் பதில்!

கொட்டகலை வாசகர்: பாமசிக்காரர் ஐயாயிரம் தந்து, இனி முறைப்பாடு இல்லை என்று கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். அந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.