ஒட்டாத கடிதம்

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டில் வெளிநாடு போகிறவர்கள் அறிமுகக் கடிதத்தோடு போவார்களாமே, அதற்கு அவ்வளவு மதிப்பா? (புளியரை வாசகர்)

பதில்: இருந்தது. 1774-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பெய்ன் அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது, அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. பிலடெல்பியாவில் இருந்த தன் மருமகனுக்கு பிராங்க்ளின் எழுதியது: குமாஸ்தா, பள்ளியில் உதவி ஆசிரியர், உதவி சர்வேயர், ஏதாவது ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்.

ஆனால் அதே பிராங்க்ளின் 18 வயதில் ஏமாந்தவர். பென்சில்வேனியா கவர்னர் 'கடிதம் தருகிறேன்' என்றதை நம்பி 1724-இல் லண்டனுக்குக் கிளம்பினார். தபால் பையைத் துழாவினால் அப்படி ஒன்றுமே இல்லை! பிற்பாடு அமெரிக்காவின் தூதராகப் பாரீசில் இருந்தபோது ஆளாளுக்கு வந்து சிபாரிசு கேட்டு நச்சரிக்க, 1777-இல் வேடிக்கையாக ஒரு மாதிரிக் கடிதமே எழுதி வைத்தார். 'இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, இவர் குணத்தை இவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்' என்கிற தொனியில்.

அந்தக் காலத்தில் இத்தகைய கடிதத்தை ஒட்டாமல் கொடுப்பதுதான் மரியாதை. கொண்டுபோகிறவர் படித்துப் பார்க்கலாம். எனக்கு ஒட்டிக் கொடுத்தார்கள். செங்கோட்டையில் பஸ் ஏறி, ஆரியங்காவு தாண்டி, புனலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நீட்டினேன். முதலாளி பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டு என்னிடமே கொடுத்தார். 'பையன் விடாமல் கேட்டான், எழுதினேன். மற்றது உங்கள் இஷ்டம்.' சரி, டீயாவது வாங்கிக் கொடுத்தார்.