பின்னால் இறக்கை வைத்ததும் முன்சக்கரம் திரும்ப மறுப்பது ஏன்?

கேட்டிருப்பவர் மன்னார்குடிக்காரர், கல்லூரி மாணவர். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தானே கட்டிய பந்தயக் காருக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் நீள இறக்கை பொருத்தியிருக்கிறார். மெதுவான வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கிறது. வேகமான வளைவில் மட்டும் மூக்கு வெளியே ஓடுகிறது. "இன்னும் பெரிய இறக்கை வைத்தால் சரியாகிவிடுமா?" என்பது கேள்வி.

சரியாகாது தம்பி, இன்னும் மோசமாகும். அதே தவற்றை நான் செய்து, ஒரு வருடம் வீணாக்கியவன். கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பிழைப்பு பம்புசெட்டும் பவர் டில்லரும். கார் கட்டுவது இரவு வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போவேன்.

முதலில் உங்கள் இறக்கை எவ்வளவுதான் அழுத்துகிறது என்று பார்ப்போம். நீளம் 1.5 மீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர். நல்ல வடிவமாக இருந்தால், 120 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 36 கிலோ டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் விசை, கிடைக்கும். நம் ஊர்க் கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. அந்த ஒரு மூட்டைக்குக்கூடக் காணாது. வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். 60 கிலோமீட்டரில் வெறும் 9 கிலோ. மெதுவான வளைவில் உங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாததற்குக் காரணம் இதுதான். மெதுவான வளைவிலும் மூக்கு ஓடியிருந்தால் நான் இறக்கையைப் பற்றிப் பேசவே மாட்டேன். டயரையும் ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இறக்கை நிற்பது பின் அச்சுக்கு மேலே அல்ல, அதற்கும் 60 சென்டிமீட்டர் பின்னால். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி தூக்கிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். சக்கர இடைவெளி 2.3 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். 36 கிலோ அங்கே அழுத்தும்போது முன்சக்கரங்களிலிருந்து 9 கிலோவுக்கு மேல் எடுத்துவிடுகிறது. போதாததற்கு, காற்று இறக்கையைப் பின்னோக்கியும் இழுக்கிறது. அந்த இழுவை ஒரு 7 கிலோ, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் என்று வைத்தால் இன்னும் 3 கிலோ போய்விடும். ஆக முன்னால் 12 கிலோ நஷ்டம், பின்னால் 48 கிலோ லாபம். பின் டயர் கெட்டியாகப் பிடிக்க, முன் டயர் பிடியை இழக்க, மூக்கு வெளியே ஓடாமல் என்ன செய்யும்?

முன்னால் ஒரு ஸ்பிளிட்டர் வையுங்கள், அதாவது மூக்கின் அடியில் முன்னோக்கி நீட்டி நிற்கும் ஒரு பலகை. 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போதும். மூக்குக்கு வெளியே ஒரு சாண் நீட்டி, தரைக்கு 6, 7 சென்டிமீட்டர் உயரத்தில் தட்டையாக நிற்க வேண்டும். மூக்கில் மோதித் தேங்கும் காற்று அதன் மேற்பரப்பை அழுத்தும். அடியில் வேகமாக ஓடும் காற்று கீழே இழுக்கும். குறுகிய மதகில் தண்ணீர் வேகம் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்தால் அதே வேகத்தில் ஒரு 20 கிலோ எதிர்பார்க்கலாம். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் அது அழுத்துவதால் முன்னுக்கு 24 கிலோ சேரும், பின்னிலிருந்து 4 கிலோ குறையும்.

இத்தனைக்குப் பிறகும் மொத்தம் 56 கிலோவில் முன்பக்கத்துக்கு 12 கிலோதான். அதாவது 21 சதவீதம். உங்கள் காரின் எடையிலோ 42 சதவீதம் முன்னால் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். அழுத்தத்தின் முன்பங்கு எடையின் முன்பங்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் வேகத்தில் பயமில்லாமல் ஓட்டலாம். ஆகவே இறக்கையின் கோணத்தைத் தணியுங்கள். அதன் அழுத்தம் 23 கிலோவுக்கு இறங்கினால் மொத்தம் 43, முன்பங்கு 16, 17 கிலோ, ஏறத்தாழ 39 சதவீதம். கையில் இருந்த 13 கிலோவை விட்டுவிட்டு வேகமாகப் போவது என்பதை ஏற்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கு ஒரு வாரம் போதும் என்று நினைக்கிறேன்.

கோணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். ஒற்றை இறக்கை 15 பாகையை நெருங்கும்போதே அடிப்பக்கக் காற்று பிரிந்து, அழுத்தம் விழுந்து, இழுவை மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணால் பார்க்கலாம். விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை இறக்கையின் அடியிலும் மேலும் வரிசையாக ஒட்டி, கேமராவால் படம் பிடியுங்கள். (எங்களிடம் திருபுவனத்துப் பட்டுநூல்தான் கைவசம் இருந்தது. அது தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.) நூல் நேராகப் பின்னோக்கி நின்றால் நல்லது, சுழன்று முன்பக்கம் திரும்பினால் அங்கே காற்று செத்துவிட்டது என்று பொருள்.

என் காரில் இறக்கையின் இரு ஓரமும் அழகாக நின்றன, நடுப்பகுதி மட்டும் பேய் பிடித்தாற்போல் ஆடியது. ஓட்டுநரின் தலையும் பாதுகாப்பு வளையமும் எஞ்சின் மூடியும் நல்ல காற்றையெல்லாம் கலக்கிவிட்டு மிச்சத்தைத்தான் பின்னால் அனுப்பியிருக்கின்றன. இறக்கை கடைமடை விவசாயி மாதிரி. தலைமடையில் என்ன நடக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அவனுக்கு வரும். இறக்கையை 20 சென்டிமீட்டர் உயர்த்தியதும் நடுநூல்கள் அடங்கின. உயர்த்தினால் இழுவையின் நெம்பும் கூடும் என்பதால் மேலே சொன்ன கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

ரேடியேட்டரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூக்கில் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி வைக்காவிட்டால் அது காருக்கு அடியில் புகுந்து முன்பக்கத்தைத் தூக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் மூடியின் மேல்பக்கம் திறப்பு வெட்டுங்கள். காரின் அடியை மூடும் தட்டுக்குப் பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக்) மலிவு. ஆனால் சைலன்சர் பக்கம் அது ஆகாது, அங்கே அலுமினியத் தகடுதான். அந்தத் தட்டின் பின்கோடியில் மேல்நோக்கிச் சரியும் பகுதியான டிஃப்யூசரை 7 பாகையில் தொடங்குங்கள். படங்களில் பார்க்கும் செங்குத்தான டிஃப்யூசர்கள் நமக்கு வெறும் அலங்காரம்.

இறக்கை செய்யும்போது எனக்கு நேர்ந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்யும் நண்பரிடம் தெர்மோகோலில் வடிவம் வெட்டிக் கொடுத்தேன். அவர் வழக்கமான பாலியெஸ்டர் ரெசினைத் தடவினார். வெந்நீரில் போட்ட வெல்லம் போல என் இறக்கை கண்ணெதிரே கரைந்தது. தெர்மோகோல் என்றால் எபாக்ஸி ரெசின்தான். விலை கூடுதல், இறக்கை மிஞ்சும்.

தாங்கிகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 1969-இல் ஸ்பெயின் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான இறக்கைகள் முறிந்து, இரண்டுமே விபத்தில் சிக்கின. அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்திலேயே அத்தகைய இறக்கைகளைத் தடை செய்துவிட்டார்கள். என் சோதனை எளியது: இறக்கையின் மேல் இரண்டு நெல் மூட்டையைப் பரப்பி வைத்து ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் வளைந்திருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். ஸ்பிளிட்டருக்கும் முன்னால் இரண்டு கம்பித் தாங்கி கொடுங்கள்.

அளப்பதற்குக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, பின் அச்சுக்கு மேல் ஒரு மூட்டை வைத்தால் சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் காரில் 6. முன் அச்சுக்கும் அப்படியே. பிறகு டேம்பருக்குப் (ஷாக் அப்சார்பருக்கு) பக்கத்தில் அளவுப் பட்டையையும் கேமராவையும் பொருத்தி, நேர்ச்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். முன்பக்கம் இறங்க வேண்டிய இடத்தில் 3 மில்லிமீட்டர் எழுந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த ஓட்டமெல்லாம் பந்தயத் தடத்தில்தான். கொள்ளிடக் கரையிலோ புறவழிச்சாலையிலோ வேண்டாம், அங்கே ஆடும் மாடும் ஆளும் குறுக்கே வரும்.

ஆடி மாதத்தில் கோவை போகிறீர்கள் என்றால் காற்றையும் கணக்கில் சேருங்கள். கார் 100-இல் போக, எதிர்க்காற்று 20-இல் அடித்தால் இறக்கைக்கு அது 120. திரும்பி வரும்போது 80. அழுத்தம் இரண்டே கால் மடங்கு வேறுபடும். இரு திசையிலும் ஓட்டிப் பார்க்காத அளவை நம்ப வேண்டாம்.

நான்கு சக்கர எடையையும் தனித்தனியாகப் போட, எங்கள் மாமாவின் அரிசி ஆலையிலிருந்து நான்கு மேடைத் தராசு வாங்கி வந்து பட்டறையில் வைத்திருக்கிறேன். குறுவை அறுவடை தொடங்கியதும் கேட்டுவிடுவார். அதற்குள் காரைக் கொண்டுவந்தால் ஒரு பகலில் முடித்துவிடலாம். மூட்டைகளும் இங்கேயே இருக்கின்றன.