கெரார்ட் 301 வாங்கலாமா? ஒரு கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

லயத்துல பாட்டுப்பெட்டி கேட்ட கதைய நீங்க எழுதினத வாசிச்சிட்டுத்தான் இத எழுதுறேன். நான் தலவாக்கலை பக்கம். இங்க ஒருத்தர், பழைய தொர பங்களாவுல இருந்து வந்த சாமான்னு சொல்லி கெரார்ட் 301ன்னு பழைய இங்கிலாந்து ரெக்கார்ட் பிளேயர் ஒன்னு வச்சிருக்காரு. ஊசிய பிடிக்கிற ஆர்ம் இல்ல, பெட்டியும் இல்ல, வெறும் மெஷின்தான். கேக்குற காசுக்கு செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்னு எடுக்கலாம். அந்த காசுக்கு பெல்ட்டால சுத்துற புது பெல்ட் டிரைவ் மெஷின் வாங்கினா கேரண்டியோட வரும்னு மச்சான் சொல்றான். எங்கிட்ட தாத்தாவோட 78 தட்டு (நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய ரெக்கார்ட்) நாப்பது கிட்ட இருக்கு, 33ல சுத்துற எல்பி கொஞ்சம். எழுபது வருசத்து மெஷினுக்கு இப்ப காசு கொட்டுறது பைத்தியக்காரத்தனமா? (பேர் போட வேணாம் அண்ணே, வீட்ல வாசிப்பாங்க.)

தம்பி,

மச்சான் சொல்றதுல பிழ ஒன்னும் இல்ல. நீங்க எல்பி மட்டும் கேக்குற ஆளா இருந்தா நானும் அதத்தான் சொல்லிட்டு டீ குடிக்க போயிருப்பேன். ஆனா நாப்பது 78 தட்டுன்னு ஒரு வரி போட்டுட்டீங்களே, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். இப்ப கடையில புதுசா வர்ற பெல்ட் மெஷின் நெறையதுல 33, 45 ரெண்டுதான் இருக்கும், டிஜே பையங்க கொண்டாடுற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979ல வந்தது, அதுலயும் 78 கெடையாது. 301 சந்தைக்கு வந்தது 1954ல, அப்ப இங்கிலாந்துல 78 தட்டு இன்னும் வித்துக்கிட்டுதான் இருந்திச்சு, அதனால 33, 45, 78 மூனையும் ஒரே திருகுல வச்சு குடுத்தாங்க.

எங்கப்பா தேயில பெக்டரில பிட்டர். எங்க பெரிய கிளாக்கர் ஐயா பென்சன்ல போறப்ப அவர் வீட்டு 301 எங்க வீட்டுக்கு வந்திச்சு. 75ல கம்பெனி தோட்டத்த எல்லாம் அரசாங்கம் எடுத்தப்ப தொரமாரு விட்டுட்டுப் போன சாமான்ல அது ஒன்னுன்னு சொல்லுவாரு. அப்பா முதல் வேலையா ரெக்கார்ட் வைக்கிற சுத்து தட்ட தூக்கிட்டு உள்ள பாத்தாரு. மோட்டார் ஷாஃப்ட்ல மூனு படி வச்ச புல்லி, அதுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் வீல். புல்லி ரப்பர சுத்துது, ரப்பர் தட்டோட உள்விளிம்ப சுத்துது. வேகம் மாத்தணும்னா ரப்பர் வீல் படி ஏறும், எறங்கும். கொஞ்சம் கூட்டிக் கொறைக்க ஷாஃப்ட்லயே ஒரு அலுமினியத் தகடு இருக்கு, அது கிட்ட ஒரு காந்தத்த கொண்டு வந்தா, தொடாமலே அது பிரேக் மாதிரி பிடிக்கும். அப்பா பாத்துட்டு, "இதுக்கு இஞ்சினியர் எல்லாம் வேணாம்டா, லேத் ஒன்னு இருந்தா போதும்"னாரு. நீங்க கேட்ட கேள்விக்கு என்னோட பதிலும் கிட்டத்தட்ட அவ்ளோதான். இந்த மெஷின் இன்னைக்கும் வச்சிருக்க லாயக்கானதுக்கு காரணம் சவுண்ட் இல்ல, நம்ம ஊர் ஆளு கையாலயே இத ஓட வைக்கலாம்ங்கிறதுதான். உள்ள ஐசி சிப் போன எலக்ட்ரானிக் மெஷின் ஒன்ன தூக்கிக்கிட்டு அட்டன்ல எங்க போவீங்க?

அதுக்காக யாருக்கிட்டயும் குடுத்துறாதீங்க. நான் ஒருதரம் ரப்பர் வீல கொழும்புல ஒரு கடைக்கு அனுப்பினேன், புது ரப்பர் போட்டு பளபளன்னு திருப்பி அனுப்பினாங்க, மாட்டினா மெதுவான பாட்டுல எல்லாம் பின்னால டுக் டுக்குன்னு ஒரு சத்தம். வட்டம் வட்டமா இல்ல. கடைசியில லேத் வச்சிருக்குற பாஸ் ஒருத்தர் அத சுத்த விட்டு உப்புத்தாள் பிடிச்சு அர மணி நேரத்துல சரி பண்ணினாரு. வாங்கின காசு ஒரு வேள சோத்துக்கு காணாது, நான்தான் பிடிச்சு கூட குடுத்தேன்.

இன்னொரு விசயம், கரண்ட். இந்த மோட்டார் கரண்டோட ஹெர்ட்ஸ் பாத்துத்தான் ஓடும். இங்கிலாந்து மாதிரியே நமக்கும் 50, அதனால அந்த காலத்துல இங்க எறக்கின மெஷின்னா புல்லி சரியா இருக்கும். யாராவது அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்ததா இருந்தா 60க்கு வெட்டின புல்லி, அத இங்க போட்டா ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான், 33 போயி 28 கூட வராது, பாட்டு பாடுறவருக்கு காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். ஜப்பான் ரீகண்டிஷன் சாமான்ல இன்னும் மோசம், அங்க 100 வோல்ட், நேரா குத்தினா பொகதான். எனக்கு இதுல ஒரு நெனப்பு எப்பவும் வரும். 1950ல லக்சபான தொறந்து நம்ம மல தண்ணியில கரண்ட் எடுத்தாங்க, அந்த டர்பைன் சுத்துற கணக்குலதான் பங்களாவுல தொரையோட தட்டும் சுத்தியிருக்கும். பக்கத்து லயத்துல குப்பி விளக்கு. லயத்துக்கு கரண்ட் வந்தது எத்தனையோ வருசம் கழிச்சு. அதான் உங்க தாத்தா தட்டெல்லாம் சாவி குடுக்குற பெட்டியில ஓடின தட்டா இருக்கும்னு நெனைக்கிறேன், இரும்பு ஊசி தேச்சு சாம்பல் பூத்திருக்கும், பாத்து எழுதுங்க.

இப்ப கசப்பான பக்கம். பழசுன்னா சவுண்டும் நல்லம்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ரப்பர் வீல் மோட்டாரோட உறுமல கொஞ்சமாவது தட்டுக்கு கடத்தும். அத அடக்கத்தான் 1961லயே ஏஆர் கம்பெனியில எட்கர் வில்ச்சர் பெல்ட்டும் ஸ்பிரிங்கும் வச்சு மலிவா ஒரு மெஷின் செஞ்சு காட்டினாரு, எழுபதுகள்ல ஸ்காட்லாந்து லின் எல்பி12ம் அதே வழியிலதான் வந்திச்சு. சத்தமில்லாம ஓடுறதுல பெல்ட்தான் ஜெயிக்கும், அதுல எனக்கு சண்ட இல்ல. ஆனா ஸ்பிரிங் மெஷின நம்ம பலகத் தரையில வச்சுப் பாருங்க, அடுப்படியில இருந்து யாராவது நடந்து வந்தா போதும், ஊசி ஒரு சரணத்த தாண்டி நிக்கும். 301க்கு பாரமான பெட்டி ஒன்னு அடிச்சா உறுமலும் அடங்கும், ஆட்டமும் கொறையும். பழைய பலா மரம் கெடச்சா விட்றாதீங்க.

ஆர்ம் இல்லன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. 301 வித்ததே ஆர்ம் இல்லாமத்தான், அது பிழ இல்ல. ஆனா காசு அங்கதான் ஓடும். ஆர்ம், ஊசி, ஊசியில இருந்து வர்ற சின்ன சத்தத்த பெருசாக்குற போனோ பிரீஆம்ப், எல்லாம் கூட்டினா இன்னொரு பைக். 78க்கு தனி ஊசி வேணும், எல்பி ஊசிய விட நாலு மடங்கு கிட்ட தடிப்பு, எல்பி ஊசியில போட்டா அது குழியோட அடியில கெடந்து குப்பையத்தான் வாசிக்கும். அதனால பைக் காசு குடுக்காதீங்க. பாதிக்கு கேளுங்க, முக்காலுக்கு மேல போகாதீங்க. அவரு தரமாட்டேன்னா விட்டுட்டு வாங்க, மச்சான் ஜெயிச்சிட்டுப் போகட்டும்.

போறப்ப ஞாயித்துக்கிழமையா போங்க, அவசரப்படாம பாக்கலாம். சுத்து தட்ட தூக்கி ரப்பர் வீல விரலால சுத்துங்க, ஒரு எடத்துல தட்டையா அமுங்கியிருந்தா யாரோ சுவிட்ச ஆன்லயே விட்டுட்டு வருசக்கணக்கா மறந்திருக்காங்க. தட்டு சுத்துற பேரிங் கிரீஸா எண்ணெயான்னு பாருங்க, முதல்ல வந்ததுல கிரீஸ், அப்புறம் எண்ணெய், கிரீஸ் மெஷின்ல தையல் மெஷின் எண்ணெய ஊத்தி வச்சிருப்பாங்க நம்ம ஆளுங்க. மோட்டார் ஸ்பிரிங்குல தொங்கணும், ஆட்டினா ஆடணும். நம்ம மூட்டத்துல ஸ்பிரிங் துரு பிடிக்காம இருந்தா அதிசயம். பத்து நிமிசம் ஓட விட்டு அப்புறம் வேகம் பாக்க கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு வச்சு லைட் வெளிச்சத்துல பாருங்க, 50 ஹெர்ட்ஸுக்கு 33ல 180 கோடு, அது அசையாம நிக்கணும். எல்ஈடி பல்புல பாத்தா பெரும்பாலும் ஒன்னும் தெரியாது, பழைய குண்டு பல்பு ஒன்னு பையில போட்டுக்கிட்டு போங்க.

தாத்தா தட்டுல பூஞ்சணம் இருந்தா ஸ்பிரிட் போட்டு தொடச்சிறாதீங்க. 78 அரக்குல செஞ்சது, ஸ்பிரிட்டுக்கு கரைஞ்சிரும். எல்பிக்கு அந்த பயம் இல்ல. ஈரத்துணி, ஒரு சொட்டு சோப்பு, நெழல்ல காய விடுங்க. லேபிள்ல தண்ணி படாம.

வாங்கினீங்கன்னா எழுதுங்க, பெட்டி அளவு அனுப்புறேன். உங்க வீட்டு சுவர் கருங்கல்லா பலகையான்னும் சேத்து எழுதுங்க, கல்லுன்னா தரையில வைக்காம சுவத்துல பிராக்கெட் அடிச்சிரலாம்.